ஒரு பிட் கூடக் குறையாமல் சுருக்கலாம்

"சுருக்கினால் தரம் போய்விடும்" என்று நம்மில் பலருக்கு ஒரு பயம் உண்டு. எம்பி3 ஏற்படுத்திய பயம் அது. காதுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டு சில ஒலிகளை எம்பி3 தூக்கி எறிந்துவிடும். போனது போனதுதான். பிறகு அதை எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் கோப்புதான் பெருக்கும், போன ஒலி திரும்பாது.

ஃப்ளாக் வேறு ரகம். ஜோஷ் கோல்சன் எழுதிய இதன் 1.0 பதிப்பு 2001-ல் வந்தது. அடுத்த சாம்பிள் என்னவாக இருக்கும் என்று முந்தைய சாம்பிள்களை வைத்து ஊகிக்கும். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கும். விரிக்கும்போது அதே ஊகத்தோடு அந்த வித்தியாசத்தைக் கூட்டினால் அசல் அப்படியே வந்துவிடும். 0 முதல் 8 வரை எந்த அளவில் சுருக்கினாலும் ஒலி ஒன்றுதான். ஆகும் நேரமும் கோப்பின் அளவும்தான் மாறும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ: ஒரு மணி நேரத்துக்கு வேவ் கோப்பு சுமார் 2 ஜிபி. 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் சுமார் 4 ஜிபி. சாதாரண வேவ் கோப்பின் உச்சவரம்பே 4 ஜிபிதான்! ஃப்ளாக்கில் போட்டால் பாதி முதல் முக்கால் பங்கு வரை ஆகும், ஒலியைப் பொறுத்து.

"ஹார்ட் டிஸ்க்தான் இருக்கே, எதுக்கு இந்த வேலை?" என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால், இடத்தை விட முக்கியமான காரணம் வேறு. அசல் ஒலியின் எம்டி5 கைரேகை ஒன்றை ஃப்ளாக் தன் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கும். பத்து வருஷம் கழித்தும் ஒரே கட்டளையில் சோதித்து, ஒரு பிட் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். வேவ் கோப்பில் அப்படி எதுவும் கிடையாது. கெட்டுப்போனால் யாராவது கேட்கும்போதுதான் தெரியும்.

ஆனால் கெட்டது தெரிந்தால் மட்டும் போதுமா? சரிசெய்ய இன்னொரு நல்ல பிரதி வேண்டுமே. இங்கேதான் மிச்சமான இடம் கைகொடுக்கிறது. பாதியாகச் சுருங்கினால், ஒரு வேவ் அடைக்கும் இடத்தில் இரண்டு ஃப்ளாக் வைக்கலாம். இரண்டையும் ஒரே டிஸ்க்கில் வைக்காதீர்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று வேறு வீட்டில்.

ஒரு எச்சரிக்கை: 32 பிட் ஃப்ளோட்டில் பதிந்ததை ஃப்ளாக் அப்படியே ஏற்காது. அதற்கு வேவ்பேக் இருக்கிறது, அதுவும் இழப்பில்லாததுதான்.

தாத்தா பேசிய கேசட், ஊர்த் திருவிழா நாதஸ்வரம் இதையெல்லாம் டிஜிட்டலாக்க இன்னொரு வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். நாடா நமக்காகக் காத்திருக்காது. மாற்றும்போதே ஃப்ளாக்கில் வையுங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள். போனில் கேட்க எம்பி3 வேண்டுமா? அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.