பாசிட்டிவ் என்று வந்த பிறகு

கர்ப்பப்பை வாயில் எடுத்த மாதிரியில் ஹெச்.பி.வி. கிருமியின் மரபணு இருக்கிறது. ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று அச்சாகி வருவதற்கு அர்த்தம் இவ்வளவுதான். புற்றுநோய் வந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. எப்போது தொற்றியது, யார் வழியாகத் தொற்றியது என்றும் சொல்லவில்லை. ஆனால் நம் வீடுகளில் அந்தத் தாளை வாங்கிப் பார்ப்பவர்கள், அது இந்த மூன்றையும் சொல்லிவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் நேரும் கெடுதலைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

இந்தக் கிருமியில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையில், காலில் வரும் சாதாரண மருக்கள்கூட அவற்றில் சிலவற்றின் வேலைதான். புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியவை ஏறத்தாழ 14. அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு வகைகளே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவு கொள்ளும் ஆண், பெண் இருபாலரிலும் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது தொற்றிவிடுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் உடம்பே இதை அடக்கிவிடும். அடங்காமல் தங்கிவிடும் சிலரிடம்தான் செல்கள் மெல்ல மாறத் தொடங்கும். அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கலாம். பல புற்றுநோய்களில் இத்தனை நீண்ட அவகாசம் நமக்கு எளிதில் கிடைப்பதில்லை.

எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியை ஒருவர், நாற்பதை நெருங்குகிறவர், ஒரு முகாமில் பரிசோதனை செய்துகொண்டு பாசிட்டிவ் என்று வந்த ரிப்போர்ட்டோடு என் வீட்டுக்கு வந்தார். "அக்கா, நான் எந்தத் தப்பும் பண்ணலையே. அப்ப இது அவர்கிட்ட இருந்துதானே வந்திருக்கணும்?" என்றார். கணவரோ, "நான் சத்தியமா ஒண்ணும் பண்ணலைன்னு சொல்றேன், நம்ப மாட்டேங்கிறா" என்று தவித்தார். ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அடுத்து எந்த டாக்டரைப் பார்ப்பது என்று இருவரில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

அவர்களிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இந்தக் கிருமி சோதனையில் சிக்காத அளவுக்கு ஒடுங்கிப் பல ஆண்டுகள் உடம்புக்குள் கிடக்கலாம், பிறகு வெளிப்படலாம். இன்றைய பாசிட்டிவ் போன மாதம் தொற்றியதாகவும் இருக்கலாம், திருமணமான புதிதில் தொற்றியதாகவும் இருக்கலாம். ஆண்களுக்கு இது இருக்கிறதா என்று பார்க்க வழக்கத்தில் ஒரு பரிசோதனையும் கிடையாது. 'யாரிடமிருந்து' என்ற கேள்விக்கு உலகத்தில் எந்த லேபும் பதில் தர முடியாது. பதில் கிடைக்காத கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் பல மாதங்களை இழக்கும்போது, சிகிச்சைக்கென்று இருந்த அவகாசமும் சேர்ந்தே கரைகிறது. வெட்கத்தில் ரிப்போர்ட்டைத் துணிமணிக்கு அடியில் ஒளித்துவைக்கும் பெண், அடுத்த பரிசோதனைக்கும் போவதில்லை.

இதற்கு நேர்மாறான அவசரமும் உண்டு. "குழந்தை பெத்தாச்சு. கர்ப்பப்பையை எடுத்துடுங்க டாக்டர், நிம்மதியா இருப்பேன்" என்பார்கள். வேண்டாம். கிருமி இருக்கிறது என்பதற்காக மட்டும் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை. எடுத்தாலும் கிருமி போய்விடும் என்ற உறுதியும் இல்லை. அது பிறப்புறுப்புப் பாதையிலும் இருக்கலாம். கிருமியைக் கொல்லும் மாத்திரை, ஊசி, லேகியம் எதுவும் இதுவரை இல்லை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டி இதை ஒழிப்பதாகச் சொல்லி விற்கப்படும் எதையும் நம்பிக் காசைக் கரைக்காதீர்கள். புகையை விட்டால் பலன் உண்டு; புகைப்பவர்களிடம் தொற்று தங்கிப் புற்றுநோயாகும் ஆபத்து கூடுகிறது.

மருத்துவம் செய்வது கிருமிக்கு அல்ல, அது உண்டாக்கும் மாற்றத்துக்கு. 16 அல்லது 18 என்று வந்தால், பெரும்பாலும் நேராகக் கால்போஸ்கோப்பிக்கு அனுப்புவார்கள். கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை அது. சந்தேகமான இடம் தெரிந்தால் துளி சதை எடுத்து பயாப்சி பார்ப்பார்கள். வேறு வகை என்றால் பாப் ஸ்மியர் அல்லது அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனை. அதில் ஒன்றும் இல்லையென்றால், ஓராண்டோ ஈராண்டோ கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். மாற்றம் இருந்தால் அந்த இடத்தைச் சூட்டாலோ கடுங்குளிராலோ பொசுக்கலாம், மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுக்கலாம். பலருக்கும் அன்றே வீடு திரும்பும் சிகிச்சை இது. அந்த ஆசிரியைக்கும் சிறிய மாற்றம் ஒன்று இருந்தது. சிகிச்சை முடிந்து அடுத்த வாரம் வகுப்புக்குப் போனார். சிகிச்சை நாளன்று அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது அவருடைய கணவர்தான்.

இப்படிச் சோதித்துச் சிகிச்சை செய்வது பலிக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு தொடங்கித் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகளே அசிட்டிக் அமிலச் சோதனை செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குக் குளிர்சிகிச்சையும் கொடுத்தார்கள். ஒரே ஒரு சுற்றுதான். 2007-இல் வெளியான முடிவின்படி, அந்தக் கிராமங்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்தன. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் ஒரே ஒரு முறை ஹெச்.பி.வி. பரிசோதனை செய்த கிராமங்களில், எட்டு ஆண்டுகளில் மரணம் ஏறத்தாழ பாதியானது.

இவ்வளவு தெரிந்தும், 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம்தான். தமிழ்நாட்டில் 9.8. நாட்டு நிலவரத்தோடு பார்த்தால் நாம் மேல்தான். ஆனாலும் பத்துப் பேரில் ஒன்பது பேர் விட்டுப்போகும் கணக்கில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

பாசிட்டிவ் என்று வந்தவர்கள் தங்களைத் தனியே ஒதுக்கிக்கொள்ள வேண்டாம். தட்டு, துண்டு, கழிப்பறை வழியாகப் பரவும் என்று அஞ்சாதீர்கள். குழந்தையைத் தூக்குங்கள், சமையுங்கள். கருத்தரிக்க இந்தக் கிருமி தடையில்லை; வளைய சிகிச்சை செய்தவர்கள் மட்டும் அடுத்த கர்ப்பத்தின்போது டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதும் தடுக்காது. எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனைக்கு உடன் வரக்கூடிய ஒருவரிடமாவது சொல்லுங்கள். கணவன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பரிசோதனைத் தேதியை உங்கள் செல்போனிலும் குறித்துக்கொண்டு, அன்றைக்கு லீவு போடுங்கள்.

தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றைப் போக்காது. அது நம் பிள்ளைகளுக்கானது. ஸ்வீடனில் 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவாக இருந்ததை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகப் போடப்போவதாகத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் மகளின் பள்ளிக்கு அது வரும்போது, ஒப்புதல் படிவத்தில் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

முப்பதைத் தாண்டிய பெண்கள், வெள்ளைப்படுதலோ ரத்தக்கசிவோ வரட்டும் என்று காத்திருக்காமல், உடம்பு நன்றாக இருக்கும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். பாசிட்டிவ் என்று வந்தால், குணப்படுத்தக்கூடிய காலத்திலேயே வந்துவிட்டீர்கள் என்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். அந்த வாய்ப்பை வெட்கத்துக்கும் சந்தேகத்துக்கும் பலிகொடுக்காதீர்கள்.