அப்பாவும் மகளும் போன பெரிய ஓட்டல்

பெண் குழந்தை வயசுக்கு வந்த மறுநாளிலிருந்து அப்பாக்காரர் நாலடி தள்ளி நிற்க ஆரம்பித்துவிடுவார். நம் வீடுகளில் இது யாரும் சொல்லிக் கொடுத்து நடப்பதில்லை. நேற்று வரை தோளில் ஏறிக் குதித்த பிள்ளைக்கு இன்று "அம்மாகிட்ட கேட்டுக்கோ" என்று ஒரே பதில். பாசம் குறைந்தா போகிறது? எப்படிப் பேசுவது என்று தெரியாத கூச்சம், அவ்வளவுதான். 'பீஸ் கட்டியாச்சா, சாப்பிட்டியா, லைட்டை அணைச்சுட்டுத் தூங்கு' என்ற மூன்று வாக்கியத்தில் ஐந்தாறு வருஷம் ஓடிவிடும். அதற்குள் பெண் ஹாஸ்டலுக்கோ புருஷன் வீட்டுக்கோ பெட்டி கட்டிவிடுவாள்.

எங்கள் வீட்டில் கூச்சத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டது. ப்ளஸ் டூ முடித்த என் மகள் என்ஜினீயரிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். இடமும் கிடைத்துவிட்டது. 1977-லிருந்து நடக்கிற கல்லூரி. நாலு வருஷப் பட்டப்படிப்பு. நல்ல படிப்புதான். ஆனால் இவருக்கு மனசு ஆறவில்லை. "மீனைப் பத்திப் படிக்க ஒரு காலேஜா? அதுக்கு அவ்வளவு தூரமா?" என்று ஒரு தடவை கேட்டார். அவள் பதிலுக்கு ஏதோ சொன்னாள். அப்புறம் இரண்டு மாசம் இருவருக்கும் பேச்சே இல்லை. "உங்க அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "உன் பொண்ணை அந்த பாரத்தை எடுத்து வைக்கச் சொல்லு" என்று நடுவில் நான் தபால்காரியாக இருந்தேன்.

கல்லூரி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ராத்திரி பேப்பரை மடித்து வைத்துக்கொண்டே கேட்டார்: "அவளை மட்டும் ஒரு நாள் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா? நீ கோச்சுக்க மாட்டியே?"

எனக்குக் கோபமா! தாராளமாகப் போங்கள் என்றேன். மாமியார்தான், "எதுக்குடா வீண் செலவு, நானே மீன் குழம்பு வச்சுத் தர்றேன்" என்றார். சின்னவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். நான் மசியவில்லை. நான் நடுவில் உட்கார்ந்தால் இருவரும் என்னிடம்தான் பேசுவார்கள். இளையவன் போனால் அவன் ஐஸ்கிரீம் பஞ்சாயத்தே பெரிசாக இருக்கும். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தால்தான் வேறு வழியில்லாமல் வாயைத் திறப்பார்கள்.

என் அப்பா இப்படி எங்களைக் கூட்டிக்கொண்டு போன இடம் கதீட்ரல் ரோட்டில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். பெரிய பெரிய மரங்கள், நிழலில் கார்கள், கார் ஜன்னலிலேயே தட்டைப் பொருத்திப் பலகாரம் தருவார்கள். எங்களிடம் காரா இருந்தது? உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கார்க்காரர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவோம். 1962-ல் ஆரம்பித்த ஓட்டல் 2008-ல் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில்தான் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

இந்தக் காலத்தில் 'ஃபைன் டைனிங்' என்கிறார்களே, அது என்ன என்று சில சகோதரிகள் கேட்கலாம். விலை அதிகம் என்பது மட்டும் இல்லை. பதார்த்தங்களை மொத்தமாகக் கொண்டுவந்து பரப்ப மாட்டார்கள். முதலில் சூப், பிறகு ஒரு சின்ன தட்டு, பிறகு முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு என்று ஒன்று முடிந்து ஒன்று வரும். ஐரோப்பாவிலும் ஆதியில் விருந்து என்றால் எல்லாவற்றையும் மேஜையில் நிரப்பித்தான் வைத்தார்களாம். ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாகக் கொண்டுவருகிற ருஷ்ய வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில்தான் பிரான்சில் பரவி, அங்கிருந்து எல்லா ஊருக்கும் வந்தது. நாம் மட்டும் என்ன, இலையில் சாம்பார், ரசம், மோர் என்று வரிசை வைத்துத்தானே சாப்பிடுகிறோம்! சென்னையிலேயே ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் 2017-ல் தொடங்கிய ஆவர்த்தனாவில் நம் தென்னிந்தியச் சாப்பாட்டையே இப்படிப் பல கட்டமாகப் பரிமாறுகிறார்கள். 2023-ல் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் அதுவும் இடம் பிடித்தது. ஆக, நம் ரசத்துக்கும் பெரிய இடத்தில் மரியாதை உண்டு.

இவர்கள் போனது வேறு ஓட்டல். பெயர் வேண்டாம். போவதற்கு முன்னால் நான் செய்த வேலைகளைச் சொல்லிவிடுகிறேன்.

போன் செய்து மேஜை பதிவு செய்தேன். பகல் சாப்பாடா ராத்திரியா என்று கேட்டார்கள். பல ஓட்டல்களில் பகலில் நிர்ணய விலையில் மூன்று வகை கொடுக்கிற ஏற்பாடு உண்டு. ராத்திரியை விடக் கையைக் கடிக்காது. பகலே போதும் என்றேன். அடுத்து உடுப்பு. இவர் வேட்டிதான் கட்டுவேன் என்று ஒரே பிடிவாதம். 2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடாமல் போனது நினைவிருக்கிறதா? அதே வருஷம் சட்டசபையில் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். கிளப்போ சங்கமோ கம்பெனியோ, தன் பொறுப்பில் இருக்கிற பொது இடத்துக்கு வேட்டி கட்டி வருகிறவரைத் தடுக்கக் கூடாது. ஆகவே பளிச்சென்று எட்டு முழ வேட்டியோடு கிளம்பினார். மகள் என் பட்டுப்புடவை வேண்டாம் என்று சொல்லி, நீலச் சுடிதாரில் போனாள்.

முக்கியமாக மாத்திரை. இவருக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற மாத்திரை. இந்த மாதிரி இடத்தில் ஆர்டர் கொடுத்து அரை மணி, முக்கால் மணி காத்திருக்க வேண்டி வரும். வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் அங்கே வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலை கிறுகிறுப்பு எல்லாம் அதன் அடையாளம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அரை டம்ளர் பழச்சாறோ கொடுக்க வேண்டும். கால் மணி கழித்துச் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. எங்கள் டாக்டர் முன்பே சொல்லியிருந்தபடி, உணவு மேஜைக்கு வரும் சமயம்தான் மாத்திரை என்று மகளிடம் எழுதியே கொடுத்தேன். ஊசி போடுகிறவர்களுக்கும் இந்தக் கவலை உண்டு. அவரவர் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அங்கே முதலில் கூடையில் சுடச்சுட ரொட்டியும் வெண்ணெயும் வைப்பார்கள். பசிக்கு அதையே தின்று தீர்த்துவிடாமல், காய், மீன் இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டு ரொட்டியையும் சோற்றையும் பின்னால் வைத்துக்கொண்டால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது.

இனி நடந்த கதை. இவரைக் கேட்டபோது, "நல்லா இருந்துச்சு. அளவுதான் கம்மி" என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். மகள்தான் ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொன்னாள்.

முதல் பத்து நிமிஷம் இருவரும் துணி நாப்கினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அதை மடியில் விரிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் முள்கரண்டி, கத்தி, ஸ்பூன் என்று வரிசையாக இருந்தால் பயப்பட வேண்டாம். வெளிப்பக்கம் இருப்பதிலிருந்து எடுத்துக்கொண்டே உள்ளே வர வேண்டும். இடப்பக்கத்துச் சின்ன ரொட்டித் தட்டும் வலப்பக்கத்து கிளாஸும் நம்முடையவை. கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் சேர்த்து வைத்தால் 'முடித்துவிட்டேன்' என்று அர்த்தம். இது தெரியாமல் பாதிச் சாப்பாட்டில் சேர்த்து வைத்துவிட்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பாட்டில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். அதற்குத் தனி விலை. சாதாரணத் தண்ணீரே போதும் என்று சொல்வதில் ஒரு கேவலமும் இல்லை.

இவள் மெனுவை வலப்பக்கத்திலிருந்து, அதாவது விலையிலிருந்து படித்திருக்கிறாள். இவர் கவனித்துவிட்டார். "நீ பேரை மட்டும் படிம்மா. விலையை நான் பார்த்துக்கறேன்" என்றாராம். இரண்டு மாசத்தில் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தை.

முக்கிய உணவில் 'சீ பாஸ்' என்று போட்டிருந்தது. பக்கத்தில் வந்து நின்ற பையன் ஏதேதோ இங்கிலீஷில் விளக்கினான். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மீனும்மா இது?" என்று மகளைக் கேட்டார்.

"நம்ம கொடுவாதாம்ப்பா."

"கொடுவாவா! அதுக்கா இவ்வளவு பேரு?"

அங்கே பிடித்தது பேச்சு. கொடுவா கடலிலும் இருக்கும், ஆற்றிலும் இருக்கும், உப்பங்கழியிலும் வளரும் என்று இவள் சொல்ல, அவர் கேட்க. முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்துக்காரர்கள் 1997-லேயே இதைப் பொரிக்க வைத்துக் குஞ்சு எடுத்துவிட்டார்களாம். அப்புறம் ஒரு அதிசயம் சொல்லியிருக்கிறாள். கொடுவா முதலில் ஆணாக இருந்து, சில வருஷம் வளர்ந்து பெரிசான பிறகு பெண்ணாக மாறிவிடுமாம்! இவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ தட்டுல இருக்கிறது யாரு?" என்று கேட்க, இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்களாம்.

சிரித்து முடித்தபிறகு இவர் மெதுவாகக் கேட்டிருக்கிறார், "இதெல்லாம் உனக்கு எப்படி வந்துச்சு?" என்று.

"நீங்கதானேப்பா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வச்சு காசிமேடு கூட்டிட்டுப் போவீங்க. இது சங்கரா, இது காரப்பொடி, இது நெத்திலின்னு நீங்கதான் சொல்லித் தந்தீங்க. ஆறாவதுக்கு அப்புறம் நிறுத்திட்டீங்க."

இவர் பதில் சொல்லவில்லையாம். மீதி மீனை எடுத்து அவள் தட்டில் வைத்தாராம். அந்த மாதிரி இடத்தில் ஒருத்தர் தட்டிலிருந்து இன்னொருத்தர் தட்டுக்கு எடுத்து வைப்பது நாகரிகம் இல்லை என்பார்கள். என்பவர்கள் இருக்கட்டும்.

கடைசியில் பில். இங்கே கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். ஓட்டல் சாப்பாட்டுக்குப் பொதுவாக 5 சதவிகிதம்தான் ஜி.எஸ்.டி. ஆனால் ஒரு நாள் ரூம் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் இருக்கிற ஓட்டலுக்குள் சாப்பிட்டால் 18 சதவிகிதம். நாலாயிரம் ரூபாய்ச் சாப்பாட்டுக்கு ஒரு இடத்தில் வரி 200, இன்னொரு இடத்தில் 720. கிளம்பும்போதே இதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். இவர்கள் பில்லில் அது போக 'சர்வீஸ் சார்ஜ்' என்று இன்னொரு 10 சதவிகிதம் தானாகவே ஏறியிருந்தது. அது அரசாங்க வரி இல்லை. கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அந்த விதியைச் சரி என்று சொல்லிவிட்டது. மகள்தான் அப்பா காதில் இதைச் சொன்னாள். இவர் சண்டை போடுகிற ஆள் இல்லை. கூச்சப்பட்டுக்கொண்டே, "தம்பி, இதை எடுத்துடுப்பா" என்றார். மேனேஜர் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். வெளியே வரும்போது, பரிமாறின பையன் கையில் இவராகவே இருநூறு ரூபாயை வைத்துவிட்டு வந்தாராம்.

தூத்துக்குடிக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் இவர்தான். நான் போகவில்லை. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. நானும் கேட்கவில்லை. முன்பு போன் வந்தால் "இந்தா, உன் பொண்ணு" என்று என்னிடம் நீட்டுவார். இப்போது ஞாயிறு காலையில் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். எனக்குச் சில சமயம் எரிச்சலாகக்கூட இருக்கிறது!

அந்த ஓட்டல் கொடுவாவை வீட்டில் செய்ய முடியாதா என்று சின்னவன் கேட்டுக்கொண்டே இருந்தான். போன வாரம் செய்து பார்த்தேன். அரை கிலோ கொடுவாவை முள் எடுத்துத் தடிமனான துண்டங்களாக வாங்கி, ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுங்கள். உப்பு, மிளகுத்தூள், ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு தடவிப் பத்து நிமிஷம் வையுங்கள். கனமான தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, நாலு நிமிஷம் தொடாமல் விடுங்கள். திருப்பிப் போட்டதும் ஒரு ஸ்பூன் வெண்ணெய், தட்டிய நாலு பல் பூண்டு, கொஞ்சம் கொத்துமல்லி சேர்த்து, உருகின வெண்ணெயை மீன்மேல் ஊற்றிக்கொண்டே இன்னும் இரண்டு மூன்று நிமிஷம். சதை செதில் செதிலாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. இந்த மீனில் பொடி முள் குறைவு; ஆனாலும் கைக்குழந்தைக்குக் கொடுக்கும்போது விரலால் ஒரு தடவை பிசைந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.