நிழல் விழும் சார்!

மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு வந்தால் நம்ம ஆபீஸ் இளைஞர்கள் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பிவிடுகிறார்கள். அங்கே போய் கூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். ஒரு தடவை தஞ்சாவூர் போய்ப் பாருங்களேன். ராத்திரி எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தஞ்சாவூர். ஒரு நாள் போதும்.

முதலில் பெரிய கோயில். காலையிலேயே போய்விடுவது உத்தமம். உச்சி வெயிலில் செருப்பில்லாமல் அந்தக் கல்தரையில் நடப்பது தனிக் கலை. நாட்டியத்தின் 108 கரணங்களில் 81-ஐ விமானத்தின் மேல்தளத்தில் செதுக்கிவிட்டு, மிச்சம் 27-க்கு இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நம்மை நடக்கவிட்டுப் பார்த்தால் அந்த 27-ம் கிடைத்துவிடும்.

உள்ளே போனதும் யாராவது ஒருத்தர், "விமானத்தோட நிழல் கீழ விழாது சார்" என்பார். பெரும்பாலும் அந்த நிழலில் நின்றுகொண்டுதான் சொல்வார். நிழல் விழும் சார். 216 அடி உயரக் கருங்கல்லுக்கு நிழல் இல்லாமல் எங்கே போகும்? உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பார். ஆராய்ந்தவர்கள் பல துண்டுகளைச் சேர்த்தது என்கிறார்கள். நந்தி வளர்ந்துகொண்டே போனது, ஆணி அடித்து நிறுத்தினார்கள் என்பார். அந்த நந்தியை வைத்தது ராஜராஜனே இல்லை, பின்னால் வந்த நாயக்கர்கள்.

கதை சொல்வது தப்பில்லை. ஆனால் நிழலைத் தேடித் தரையையும், ஒரே கல்லைத் தேடி வானத்தையும் பார்த்தால், நடுவில் இருக்கிற சுவரை யார் பார்ப்பது?

அடியேன் பி.காம். அதனால் எனக்குப் பெரிய கோயில் என்பது ஒரு மாபெரும் லெட்ஜர். 1010-ல் கோயிலை முடித்த ராஜராஜ சோழன், யார் என்ன கொடுத்தார், அதை யார் பொறுப்பில் விட்டது என்று எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லிவிட்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹுல்ஷ் என்ற ஜெர்மன்காரர் வந்து படித்துச் சொல்லும் வரை, கட்டியது ராஜராஜன் என்பதே ஊருக்கு மறந்திருந்தது. கணக்கெழுதி வைப்பதன் பெருமை இப்போது புரிகிறதா?

நகைக் கணக்கைப் பாருங்கள். எத்தனை முத்து, அதில் உருண்டை எத்தனை, இரட்டை எத்தனை, மட்டம் எத்தனை என்று தனித்தனியாக இருக்கிறது. முத்தை நிறுக்கும்போது நூலும் செப்பு ஆணியும் கழித்துத்தான் எடை. தங்கம் நிறுத்த எடைக்கல்லுக்கு ஒரு பெயர்கூட உண்டு: ஆடவல்லான். சாமி பெயரில் எடைக்கல் இருந்தால் எவன் சார் எடையில் கை வைப்பான்?

ஒரு விளக்கு எப்போதும் எரிய 96 ஆடு. வாங்கிக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாது, கிழடும் ஆகாது. செத்தால் குட்டியை வைத்து 96-ஐ நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். காலேஜில் எங்களுக்குத் தேய்மானம் போட எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தார்கள். தேய்மானமே இல்லாத ஆட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

பணத்தையும் சும்மா வைக்கவில்லை. ஊர்ச் சபைகளுக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள். காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது பன்னிரண்டரை சதவிகிதம். பர்சனல் லோன் வாங்கியவர்களுக்குப் பரிச்சயமான நம்பர்.

மத்தியானம் நடை சாத்தியதும் சாப்பிட்டுவிட்டு அரண்மனை. அங்குள்ள கலைக்கூடத்தில், திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் வெண்கலச் சிலையைத் தவறவிடாதீர்கள். காளைமேல் கையைச் சாய்த்து நிற்கிறார். காளை இல்லை. இருந்தும் நமக்குக் காளை தெரிகிறது! பக்கத்திலேயே சரஸ்வதி மகால். இரண்டாம் சரபோஜி கண் வைத்தியம் செய்து, நோயாளிகளின் கேஸ் ஷீட்டை படத்தோடு எழுதி வைத்தவர். தஞ்சாவூர் ராஜாக்களுக்குப் பதிவு செய்வதில் அப்படி ஒரு வியாதி.

வெயில் தாழ்ந்ததும் திரும்பக் கோயில். இந்தத் தடவை கூட்டம் அவ்வளவாகப் போகாத பக்கம், வடக்குத் திருச்சுற்று மதிலின் வெளிப்புறம். அங்கேதான் 400 பேரின் விலாசம் இருக்கிறது. கோயிலில் ஆடுவதற்காகச் சோழநாட்டுக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, முதல் வீடு, திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை, பங்கு ஒன்று. அடுத்த வீடு, அடுத்த பெயர், பங்கு ஒன்று. இப்படியே 400. ஒரு பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல். கீழே நட்டுவனார், கணக்கர், குடை பிடிப்பவர், விளக்கேற்றுபவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் என்று ஸ்டாஃப் லிஸ்ட் நீள்கிறது.

ஒருவர் இறந்தால் நெருங்கிய உறவினர் அந்த வேலையைப் பார்த்து நெல் வாங்கிக்கொள்ளலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஆளை வைத்து வேலையை நடத்த வேண்டும். கருணை அடிப்படை நியமனத்துக்கு ஆயிரம் வருஷத்து ஜி.ஓ.!

சிரித்து முடித்தபின் கொஞ்சம் நின்று பாருங்கள். 400 பேருக்கும் ஒரே நேரத்தில் டிரான்ஸ்ஃபர். சேரமங்கைக்குச் சொந்த ஊரை விட்டு வர இஷ்டமா என்று கேட்டார்களா? அதற்கு லெட்ஜரில் காலம் கிடையாது. அவள் அழுதாளா, சந்தோஷமாக வந்தாளா தெரியாது. ஆனால் எத்தனையோ பெரிய மனிதர்கள் பெயரில்லாமல் போன நாட்டில், தெருவும் வீட்டு நம்பரும் போட்டு அவள் இருக்கிறாள். பழைய எழுத்து, சட்டென்று படிக்க வராது. கண்ணை இடுக்கினால் ஓரிரண்டு பிடிபடும்.

பார்த்துவிட்டு வாருங்கள். கையில் ஆணி, சாவி எதுவும் இருந்தால் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். வேலை பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சுவரில் பெயர். 'சுரேஷ் - பிரியா'வுக்கு அங்கே பங்கு இல்லை.