நாலு கோடு நோட்டில் நடக்கும் மோசடி

ஆறு வயதுக் குழந்தை நாலு கோடு நோட்டில் 'ஆப்பிள்' என்ற இங்கிலீஷ் சொல்லை இருபது தடவை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. பெற்றோர் பூரித்துப் போகிறார்கள். அதே சொல்லை வேறொரு தாளில் எழுதி, 'இது என்ன?' என்று கேளுங்கள். குழந்தை திருதிருவென்று விழிக்கும். இதற்குப் பெயர் இங்கிலீஷ் மீடியம்! போடிநாயக்கனூரிலும் அதை ஒட்டிய மலைச்சரிவு ஊர்களிலும் கல்வி என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது இந்தக் கேலிக்கூத்துதான்.

இதற்குப் பணம் கொடுப்பது யார்? விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களில் காய் பறித்துவிட்டு இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் தாய்தான். தன் மகளாவது முதுகு ஒடியாத வேலைக்குப் போகட்டும் என்று கூலியில் மிச்சம் பிடித்து பீஸ் கட்டுகிறாள். அவள் ஆசையில் என்ன தவறு? 'ஏழைக்கு எதற்கு இங்கிலீஷ்?' என்று உபதேசிக்கும் கனவான்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். தொழிலாளியின் குழந்தைக்கும் இங்கிலீஷ் வேண்டும். நன்றாகவே வேண்டும். அவளிடம் காசை வாங்கிக்கொண்டு கொடுப்பது இங்கிலீஷ்தானா என்பதே நமது கேள்வி.

பார்த்து வரைவது எழுதுவது ஆகாது. மனதில் இருப்பதைப் பிறருக்குச் சொல்லத்தான் மனிதன் எழுதுகிறான். 1835ல் மெக்காலே போட்ட அடித்தளத்தின்மேல் வெள்ளைக்காரன் கட்டிய பள்ளிக்கூடத்துக்கு நகல் எடுக்கும் குமாஸ்தா தேவைப்பட்டான். இன்று நகல் எடுக்க யந்திரம் இருக்கிறது. குமாஸ்தா வேலையும் இல்லை. பயிற்சி மட்டும் போகவில்லை!

குழந்தை எங்கே தடுமாறுகிறது என்று இந்தப் பள்ளி வியாபாரிகள் என்றாவது பார்த்ததுண்டா? பேனாவின் முதல் ஓசைக்கும் பஸ்ஸின் முதல் ஓசைக்கும் தமிழில் ஒரே எழுத்து, இங்கிலீஷில் இரண்டு. ஆகவே பஸ்ஸுக்குப் பேனாவின் எழுத்தைப் போட்டு எழுதுகிறது. 'நான் மலைக்குப் போகிறேன்' என்று நாம் சொல்வதை, இங்கிலீஷில் 'போகிறேன்' நடுவில் வர, 'மலைக்கு' கடைசியில் வரச் சொல்ல வேண்டும். குழந்தை தமிழ் வரிசையிலேயே எழுதுகிறது. இது மூளைக் குறைவு அல்ல. தன் மொழியை நன்றாக அறிந்த மூளையின் வேலை. தமிழை வைத்து இந்த வித்தியாசத்தை விளக்கும் ஆசிரியரிடம்தான் அது திருந்தும். வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடுகிற பள்ளிக்கூடம் கையிலிருக்கும் விளக்கை அணைத்துவிட்டு வழி தேடச் சொல்கிறது. கற்பிக்கத் தாய்மொழியே சிறந்த சாதனம் என்று யுனெஸ்கோ 1953லேயே அறிக்கை வெளியிட்டது. அது கம்யூனிஸ்டுகள் எழுதிய அறிக்கை அல்ல!

இன்னொரு வேடிக்கை. 'எக்ஸ்' எழுத்துக்கு 'ஸைலஃபோன்' என்று படம் போட்டிருக்கிறார்கள். அந்த வாத்தியத்தைப் போடியில் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்? ஆனால் ஜீப், டயர், பஞ்சர், செக்போஸ்ட், லோடு, ஸ்டோர், டார்ச் - இந்தச் சொற்களையெல்லாம் நம் குழந்தைகள் தினமும் பேசுகிறார்கள். அத்தனையும் இங்கிலீஷ்! தெரிந்த சொல்லிலிருந்து எழுத்துக்குப் போகாமல், தெரியாத பழத்திலும் வாத்தியத்திலும் ஏன் தொடங்க வேண்டும்?

நியூஜிலாந்தில் சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை, மாவோரிப் பழங்குடிக் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். 'உனக்கு என்ன சொல் வேண்டும்?' என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பயம், பாசம், வீடு, சண்டை என்று அவர்கள் வாழ்விலிருந்தே சொற்கள் வந்தன. மறுநாள் குழந்தைக்கு நினைவில்லாத சொல் அதற்கு வேண்டாத சொல் என்று அட்டையை எறிந்துவிடுவார். பிறகு அந்தச் சொற்களைக் கொண்டு குழந்தைகளே தம் கதையை எழுதினார்கள். 1963ல் வெளியான 'டீச்சர்' என்ற புத்தகத்தில் இதை விவரித்திருக்கிறார். இதற்கு ஏர்கண்டிஷன் வகுப்பறை தேவைப்படவில்லை. குழந்தையிடம் உட்கார்ந்து பேச நேரமுள்ள ஆசிரியர் தேவைப்பட்டார்.

அந்த நேரத்தை சர்க்கார் கொடுக்கிறதா? கல்வி உரிமைச் சட்டம் 2009ல் வந்தது. போதனாமொழி 'முடிந்தவரை' தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த 'முடிந்தவரை' யானையே நுழையும் ஓட்டை! தமிழக சர்க்காரும் தனியாருடன் போட்டி போடுவதாகச் சொல்லி, 2012-13 முதல் தன் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியப் பிரிவுகளைத் திறந்தது. பலகை மாறியது, பல ஊர்களில் இரண்டு மீடியத்துக்கும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். 2022ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தையின் நிலையறிந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் போதிப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் விவரம் பதிவு செய்வதிலேயே பொழுது போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டனவே, அதற்கு என்ன பதில்?

வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். முதலில் தமிழில் எழுதப் படிக்க உறுதியான பயிற்சி. கூடவே காதாலும் வாயாலும் இங்கிலீஷ். அதன்பிறகு குழந்தையின் சொந்தச் சொல்லில் எழுத்து. மலைக்கிராமப் பள்ளிகளில் காலியிடம் விழுந்தால் உடனே நிரப்ப வேண்டும்.

தோழர்களே! சர்க்கார் பள்ளிகளில் பெற்றோர் அமர்ந்திருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அடுத்த கூட்டத்துக்கு ஒரு நாள் மலைவேலையை விட்டாவது போங்கள். குழந்தையின் நோட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். இதில் என் பிள்ளை தானாக எழுதிய ஒரு வரி எங்கே என்று கேளுங்கள்.