நலம் அறிவோம்: தண்ணீரில் ஊறும் வண்ண உருண்டைகள்

கேள்வி: என் இளைய மகனுக்கு 18 மாதம். சென்ற மாதம் 10 சென் காசை விழுங்கிவிட்டான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "வயிற்றுக்குப் போய்விட்டது, தானாக வந்துவிடும்" என்றார். மூன்றாம் நாள் மலத்தோடு வந்துவிட்டது. இப்போது மூத்தவள் தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண உருண்டைகளை வைத்து விளையாடுகிறாள். தம்பி அவற்றை வாயில் போடப் பார்க்கிறான். "காசே வந்துவிட்டது, இது ஜெல்லி மாதிரிதானே" என்கிறார் மாமியார். பாக்கெட்டிலும் நச்சில்லை என்றே போட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?
– வாசகி, காஜாங்

பதில்: ஆம், பயப்படத்தான் வேண்டும். வயிற்றை அடைந்த காசு பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும் என்பது உண்மையே. ஆனால் காசு உள்ளே போய்ப் பெரிதாவதில்லை. இந்த உருண்டை பெரிதாகும். குழந்தைகளின் டயாப்பரில் ஈரத்தை உறிஞ்சும் பொருளின் வகைதான் இதுவும். கடுகளவில் விழுங்கியது குடல் நீரை உறிஞ்சி, சில மணி நேரத்தில் கோலிக்குண்டு போல ஊதிச் சிறுகுடலை அடைத்துவிடக்கூடும். நச்சில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2023 ஜூலையில் 10 மாதக் குழந்தை ஒன்று இந்த உருண்டையை விழுங்கி இறந்தது. செப்டம்பரில், அந்த வகை விளையாட்டுப் பெட்டிகள் ஏறத்தாழ 52,000 திரும்பப் பெறப்பட்டன.

இன்னொரு சிக்கல், காசைப் போல இது எக்ஸ்ரேயில் தெரியாது. குழந்தை விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால், வாந்தியைச் சாதாரண வயிற்றுக்கோளாறு என்று நினைத்துவிட வாய்ப்புண்டு.

திரும்பத் திரும்ப வாந்தி, குறிப்பாகப் பச்சை நிறத்தில் வாந்தி, வயிறு உப்புதல், மலம் போகாமை, பால் குடிக்க மறுத்தல் ஆகியவை குடல் அடைப்பின் அறிகுறிகள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். பாக்கெட்டையும் எடுத்துச் சென்று, வீட்டில் இந்த உருண்டை இருப்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். வாழைப்பழம், விளக்கெண்ணெய், பேதி மருந்து எதுவும் கொடுக்காதீர்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

பட்டன் பேட்டரி, ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத் துண்டுகள் விஷயத்திலும் காத்திருக்கக் கூடாது. தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி 2 மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். காந்தங்கள் குடல் மடிப்புகளுக்கு இருபுறமும் ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும்.

அந்த உருண்டைகளை இன்றே கட்டிக் குப்பையில் போடுங்கள். உருண்டு போனவை சோபாவுக்கு அடியில் காய்ந்து மீண்டும் கடுகளவாகியிருக்கும், அங்கும் பெருக்கிவிடுங்கள். மூத்தவளுக்கு வேறு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கலாம்.