ஏரிக்கரைத் தோட்டம் கற்பித்த பாடம்

தோட்டம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன பூக்களே. ரோசாப் பாத்தியும், மல்லிகைப் பந்தரும், வேலியோரத்துச் செவ்வரத்தையும் இல்லாத இடத்தைத் தோட்டமென்று கூற நமக்கு நா எழுவதில்லை. சென்ற தை மாதத்தில், எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் இருபத்துநால்வரை அழைத்துக்கொண்டு பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்காவுக்குச் சென்றிருந்தோம். வாயிலைக் கடந்து கால் மணி நேரம் நடந்தபின் மாணவன் ஒருவன் எம்மருகே வந்து, "ஐயா, தோட்டம் எப்போது வரும்?" என்று மெல்லக் கேட்டான்.

நாம் நகைத்தோம். ஆயினும் அக்கேள்வி அன்று முழுவதும் எம்மை விட்டு அகலவில்லை. அதற்கு நாம் கண்ட விடையே இவ்வாரக் கட்டுரை.

கொழும்பிலிருந்து கரையோரப் புகையிரதத்திற் சென்று அளுத்கமவில் இறங்கி, கடலை முதுகுப்புறமாக விட்டுச் சிறிது தூரம் உள்ளே போனால் தெத்துவ ஏரி காணப்படும். அது பெந்தோட்டை ஆற்றோடு தொடர்புடைய நீர்ப்பரப்பு. சிங்களத்தில் 'லுணு' என்பது உப்பு. 'கங்கா' என்பது ஆறு. ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நிலமுனையிலே இரு சிறு குன்றுகள். ஒல்லாந்தர் காலத்திற் கறுவாவும், ஆங்கிலேயர் காலத்தில் இறப்பரும் விளைந்த நிலம் அது.

1948ஆம் ஆண்டில் இந்நிலத்தை விலைக்கு வாங்கியவர், முப்பது வயதை எட்டாத வழக்கறிஞர் ஒருவர். ஜெப்ரி பாவா என்பது அவர் பெயர். இத்தாலியிலே கார்டா ஏரிக்கரையில் ஒரு மாளிகை வாங்கி வாழ எண்ணி, அவ்வெண்ணம் கைகூடாது தாயகம் திரும்பியவர் அவர். இத்தாலியத் தோட்டமொன்றை இலங்கையிலே ஆக்கலாமென்று தொடங்கினார். தொடங்கியபின்னரே, மனத்திற் கண்டதை மண்ணிற் செய்து முடிக்கும் அறிவு தம்மிடம் இல்லையென உணர்ந்தார். உணர்ந்ததும் வாளாவிருந்தாரல்லர், மீண்டும் மாணவராகி இலண்டனிற் கட்டடக்கலை பயின்று, 1957இல், தமது முப்பத்தெட்டாவது வயதிற் பட்டயம் பெற்றார். கட்டடக்கலைஞர் தோட்டம் அமைப்பது உலக வழக்கு. இங்கோ ஒரு தோட்டமே ஒரு கட்டடக்கலைஞரை ஆக்கியது. கோட்டையில் நீர் சூழ நிற்கும் பாராளுமன்றக் கட்டடம் (1982) அவர் கைவண்ணமே. அவருடன் நெடுங்காலம் தொழிற் பங்காளராக விளங்கிய பொறியியலாளர் பூலோகசுந்தரம் தமிழர் என்பதையும் நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

இனி, மாணவனின் கேள்விக்கு வருவோம். தோட்டம் எங்கே?

வீட்டின் தென்புற முற்றத்தில் எம்மை நிறுத்தி, "இப்போது நேரே பாருங்கள்" என்றார் வழிகாட்டி. கண்ணெதிரே புற்றரை சரிந்து சென்று, மறுபடியும் எழுந்து ஒரு குன்றாகின்றது. அதற்குக் கறுவாக் குன்று என்று பெயர். அதன் உச்சியிலே கிளை பரப்பிய மகிழ மரம் ஒன்று. மரத்தின் கீழே ஒரு பெரிய சீனச் சாடி. அதற்கப்பால் ஏரியின் ஒளிக்கீற்று. ஏரிக்கும் அப்பால், தொலைவிலே, ஒரு பௌத்த விகாரையின் வெண்ணிறத் தாதுகோபம். எல்லாம் ஒரே கோட்டில் அமைந்துள்ளன. எல்லாம் இயற்கையாகவே அமைந்தனபோலத் தோன்றுகின்றன.

ஆனால் உண்மை வேறு. அக்குன்று முன்னர் உயர்ந்து நின்று ஏரியை மறைத்தது. அதன் உச்சியை வெட்டித் தாழ்த்தியபின்னரே நீர் கண்ணுக்குத் தெரிந்தது. இரு குன்றுகளுக்குமிடையே ஒரு பாதை போகின்றது. வீட்டிலிருந்து நோக்குவோர்க்கு அது தென்படாவண்ணம் பள்ளத்துள் தாழ்த்தப்பட்டிருக்கின்றது. பாலத்தின் மீது ஏறியபோதுதான், நம் காலடியில் ஒரு பாதை இருப்பதையே மாணவர் கண்டனர். சாடி ஒன்றைத் தவிர, அவ்விடத்திற் கொண்டுவந்து சேர்த்தது சொற்பம், நீக்கியது மிகுதி. கேள்வி கேட்ட மாணவனை அருகழைத்து, "தம்பி, நீ நின்றுகொண்டிருப்பது தோட்டத்தின் நடுவில்" என்றோம்.

வடபுறத்திலே ஏரியை நோக்கி நிற்கும் ஈழத்தலரி மரம் ஒன்றையும் கண்டோம். அதன் கிளைகள் மேல்நோக்கி வளராமல், பக்கவாட்டில் வளைந்து விரிந்திருக்கின்றன. இளமரமாக இருந்த காலத்திற் கிளைகளிற் பாரம் தொங்கவிட்டுப் பல்லாண்டுகள் வளைத்தெடுத்த வடிவம் அது. பெயரில் ஈழம் இருந்தாலும் அம்மரத்தின் பிறப்பிடம் அமெரிக்கா. இங்கு வந்து, இங்குள்ள கோயில்களிற் பூச்சொரிந்து, நம் மரமாகவே ஆகிவிட்டது.

எப்பருவத்திற் போவது நன்று என வாசகர் சிலர் கேட்கக்கூடும். வடக்கே நாம் சோளகம் என்றழைக்கும் தென்மேற்குக் காற்று, யாழ்ப்பாணத்தில் வறண்டு வீசிப் புழுதி கிளப்புவது. அதே காற்று பெந்தோட்டையில் வைகாசி முதல் மழையைக் கொட்டுகின்றது. அம்மாதங்களிற் பாசி படிந்த சுவர்களும், கரைதொட்டு நிற்கும் ஏரியும், கண்ணை நிறைக்கும் பச்சையுமாகத் தோட்டம் காட்சிதரும். மார்கழி முதல் மாசி வரையிலோ, வெயில் தெளிந்து நிழல்கள் கூர்மையாகும்; பிரயாணிகள் மிகுதியாக வருவதும் அப்பொழுதே. குடையெடுக்கத் தயங்காதவர் மழைக்காலத்திற் போவாராக.

நாள்தோறும் குறித்த வேளைகளில் வழிகாட்டியுடன் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு. சிறப்பு நிகழ்ச்சிகளும் இடையிடையே நடைபெறுவன. 2019இல் பாவாவின் நூற்றாண்டையொட்டிக் கலைஞர் பலர் அழைக்கப்பட்டு, இத்தோட்டத்திலேயே தம் ஆக்கங்களை அமைத்தனர். 2016 முதல் இன்னொரு காட்சியும் சேர்ந்துள்ளது: பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காகப் பாவா கொழும்பிற் கட்டிய வீட்டை, கல்லும் கதவும் ஒவ்வொன்றாய் இலக்கமிட்டுக் கழற்றிக் கொணர்ந்து, இங்கே மீண்டும் நிறுத்தியிருக்கின்றனர்.

பயணத்துக்குப் பணம் சேர்த்தபோது பெற்றார் ஒருவர், "மரத்தையும் புல்லையும் பார்க்கவும் காசா?" என்று எம்மைக் கேட்டார். அன்று நாம் தக்க விடை கூறவில்லை. விடையைக் கூறியவர் லுணுகங்காவிற் புல் வெட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர். நாம் அறிந்த சிங்களத்தில் அவருடைய வேலையைப்பற்றி விசாரித்தோம். ஒரு மழைக்காலம் முழுவதும் கத்தி வைக்காமல் விட்டால், காடு வீட்டுப் படி வரைக்கும் வந்துவிடும் என்றார் அவர்.

அச்சொல்லின் உண்மையை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுள் எமதும் ஒன்று. எம் தந்தையார் கிணற்றடியில் ஒரு தேசிமரமும், முற்றத்தில் ஒரு மல்லிகைப் பந்தரும் வைத்திருந்தார். இருபது ஆண்டுக் கைப்பாடு அது. பல ஆண்டுகளின் பின் திரும்பியபோது, படலையிலிருந்து வீட்டுக்குச் செல்லும் வழியே தெரியவில்லை. பற்றைக்குள் கிணற்றுக்கட்டைத் தேடினோம். தந்தையார் வீட்டுக்குள் நுழைந்து கூரையைப் பாராமல், அயல்வீட்டிற் கத்தியை இரவல் கேட்டார். தேசிமரம் உயிரோடிருந்தது, மல்லிகை இல்லை. அன்றுதான் அறிந்தோம், வளவு என்பது மண்ணன்று. நாளாந்தம் அதில் நடமாடும் கை என்பதை.

பாவாவுக்கு மனைவி மக்கள் இல்லை. 1998இல் நோய் அவருடைய பேச்சையும் நடமாட்டத்தையும் முடக்கும் வரையில் அரை நூற்றாண்டு காலம் அத்தோட்டத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார். 2003இல் மறைந்தார், கறுவாக் குன்றிலேயே அவருடல் எரியூட்டப்பட்டது. அதன்பின் தோட்டம் அழியாதிருப்பதற்குக் காரணம், அதனை அவர் ஒரு நம்பிக்கைப் பொறுப்பிடம் விட்டுச் சென்றமையும், பார்வையாளரும் அங்கு தங்குவோரும் கொடுக்கும் பணம் பராமரிப்புக்கு உதவுகின்றமையும் ஆகும். ஆகவே அந்தப் பெற்றாருக்கு இன்று விடை கூறுகின்றோம்: நாம் கொடுத்தது பார்ப்பதற்கான காசன்று, அந்த முதியவரின் கத்தி நாளையும் ஓயாதிருப்பதற்கான காசு.

திரும்பி வந்தபின் மாணவரை ஒரு கட்டுரை எழுதச் சொன்னோம். கேள்வி கேட்ட மாணவனின் கட்டுரை மிகச் சிறியது. வீட்டு விறாந்தைக்கு முன்னால் நெடுநாளாகச் சாத்திக் கிடந்த துருப்பிடித்த தகரங்களை அம்மாவின் அனுமதியோடு அகற்றினானாம். இப்போது விறாந்தையில் இருந்தபடியே அடுத்த வளவு வேம்பு தெரிகின்றதாம். அந்த வேம்பு இவ்வளவு பெரியதென்று தனக்கு இதுவரை தெரியாது என எழுதியிருந்தான்.

அக்கட்டுரைக்கு நாம் முழுப் புள்ளிகளும் இட்டோம். வாசகர் வீடுகளிலும் அத்தகைய தகரம் ஒன்று கிடக்கக்கூடும். இன்று ஞாயிற்றுக்கிழமை, பொழுதும் இருக்கின்றது.