ஷூ கொடுத்தவரிடம் கேள்வி கேட்கலாமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்து உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். முக்கியமாக, வீட்டில் பத்து வயதுக்கு மேல் பிள்ளை இருக்கிறவர்கள் கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது சேலையூர் பக்கம் இருக்கிறாள், வாட்ஸப்பில் ஒரு படிவத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். அவள் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பையன் ஒரு வருஷமாக பாக்ஸிங் கிளாஸ் போகிறான். வெளிநாட்டிலிருந்து ஒரு பாக்ஸிங் பிரமோட்டர் வருகிறாராம். ஏழைப் பிள்ளைகளுக்குக் கையுறை, ஷூ, சாப்பாடு எல்லாம் இலவசமாகக் கொடுத்து மூன்று நாள் முகாம் நடத்துகிறாராம். முழுக்க முழுக்க தர்ம காரியமாம். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: "தேர்ந்தெடுக்கப்படும் குழந்தைகளின் எதிர்கால வாய்ப்புகள் குறித்து அமைப்பாளர்கள் முடிவெடுக்கலாம்." அதற்குக் கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"டீச்சர், கையெழுத்துப் போடலாமா? கேள்வி கேட்டா அவங்க தப்பா நினைச்சுக்குவாங்களோன்னு பயமா இருக்கு" என்று எழுதியிருந்தாள்.

அவளுக்குப் போனில் ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியில் நானே ஒரு முறை தப்புப் பண்ணியவள். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1980-ன் தொடக்கத்தில் முகமது அலி மெட்ராஸ் வந்தார். நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். நேரு ஸ்டேடியத்தில் அவரும் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸும் காட்சிப் போட்டி ஆடினார்கள். எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த சமயம். இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படம் இன்றைக்கும் உங்கள் போனில் சுற்றிக்கொண்டிருக்கும். அப்பா ஆபீஸ் நண்பர்களோடு தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடித்துப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போனார். பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ராத்திரி வந்து கூடத்தில் நின்று அலி மாதிரி ஆடிக் காட்டினார். அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

அலி அந்த முறை இந்தியாவுக்கு வந்தது தர்ம காரியத்துக்காக. ஆனால் இங்கே இருக்கும்போதே அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டரிடமிருந்து அவருக்கு ஒரு வேலை வந்தது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்த நேரம். மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொல்லி ஆப்பிரிக்க நாடுகளிடம் பேசுங்கள் என்றார்கள். இந்தியாவிலிருந்தே தான்சானியாவுக்குப் பறந்தார். ஜனாதிபதி நைரேரே அவரைப் பார்க்கவே மறுத்துவிட்டார். நீங்கள் வெள்ளை மாளிகையின் ஆளாக வந்திருக்கிறீர்களா என்று போன இடமெல்லாம் நிருபர்கள் கேட்டார்கள். அலி தடுமாறினார். (அந்த மாஸ்கோவுக்குத்தான் நம் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி போய்த் தங்கம் வாங்கியது. அது தனிக் கதை.)

இதில் அலியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். உலகமே கொண்டாடிய மனிதர், உண்மையிலேயே நல்ல மனசோடு வந்தவர், அவருடைய தர்மப் பயணத்துக்குள்ளேயே இன்னொருவருடைய வேலை வந்து ஒட்டிக்கொண்டது. அப்படியிருக்க, முன்பின் தெரியாத ஒரு பிரமோட்டர் வரும்போது "கூடவே வேறு ஏதாவது வேலையும் வந்திருக்கிறதா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இப்போது என் கதை.

2005-ஆம் வருஷம். சுனாமிக்கு அடுத்த வருஷம். வெளிநாட்டு உதவிக் குழுக்கள் நம் கடற்கரைப் பக்கம் எல்லாம் வந்து போய்க்கொண்டிருந்த நேரம். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் பொறுப்புத் தலைமை ஆசிரியை. ஒரு குழு வந்தது. ஒரு வெள்ளைக்காரர், கூட இரண்டு உள்ளூர்க்காரர்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் ஷூ கொடுத்தார்கள். அந்தப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் அதற்கு முன் ஷூ போட்டதே கிடையாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

அப்புறம் "மெடிக்கல் செக்கப்" என்றார்கள். உயரம், எடை பார்த்தார்கள். சரி. இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி நுனியிலிருந்து நுனிவரை டேப் வைத்து அளந்தார்கள். எந்த டாக்டர் அப்படி அளப்பார் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கேட்கவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு ஷூ கொடுத்தவரிடம் எப்படிக் கேட்பது?

ஒரு வாரம் கழித்து நான்கு பையன்களின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் கேட்டார்கள். அதில் ஒருவன் எட்டாம் வகுப்பு. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் அவன் அம்மா பூ விற்பார். உயரமான பையன், நீளமான கை. வெளி மாநிலத்தில் இலவசப் பயிற்சி, படிப்பும் அங்கேயே, அப்புறம் வெளிநாடு என்றார்கள். அந்த அம்மா என்னிடம் வந்து, "நீங்க சொன்னா அனுப்பறேன் டீச்சர்" என்றார். நான் சரி என்றேன். டி.சி.யில் என் கையால் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து அவன் திரும்பி வந்தான். தோள்பட்டையில் அடி. பயிற்சிக்கு லாயக்கில்லை என்று தனியாக ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பதிமூன்று வயதுப் பையன், இரண்டு ராத்திரி, தனியாக. அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே இல்லை. ஒரு வருஷம் போயிற்று. தம்பி தங்கை வயதுப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டு வகுப்புக்கு வருவதை நிறுத்தினான். பத்தாம் வகுப்பைப் பின்னால் பிரைவேட்டாக எழுதித்தான் பாஸ் செய்தான்.

அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்று வரை என்னைக் குத்துகிறது.

இதைப் படிக்கிற சிலருக்கு அவன் யார் என்று தெரிந்திருக்கும். பெயர் வேண்டாம். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இப்போது சாயங்காலத்தில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவனே பாக்ஸிங் சொல்லிக் கொடுக்கிறான். நேற்று அவனோடு பேசினேன். "அவங்க கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன் டீச்சர். எதுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு சொல்லல. அதான் தப்பு" என்றான். இந்தப் பதிவில் நான் சொல்ல நினைத்ததை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

திறமை தேடுவது பாவமில்லை பிள்ளைகளா. ஆசிரியர்களாகிய நாங்களும் அதைத்தான் செய்கிறோம். திருக்குறள் ஒப்புவிக்க ஒருத்தியை, ஓடுவதற்கு ஒருவனைப் பொறுக்கி எடுக்கிறோம். வெளிப்படையாகத் தேடினால் அதில் ஒரு தப்பும் கிடையாது.

2008-ல் அமெரிக்காவிலிருந்து ஜே.பி. பெர்ன்ஸ்டைன் என்ற ஏஜென்ட் இந்தியா வந்தார். பேஸ்பால் வீசத் தெரிந்த கையைத் தேடி வந்திருக்கிறேன், ஜெயித்தால் இவ்வளவு பணம் என்று போட்டி வைத்தார். உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் தேர்வாகி, அதே வருஷம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று 2014-ல் படமே வந்தது. இரண்டு பேரும் பெரிய லீக் வரை போக முடியவில்லை. தினேஷ் சில வருஷத்தில் ஊர் திரும்பினார். ரிங்கு பிற்பாடு மல்யுத்த மேடைக்குப் போனார். ஆனால் எதற்குப் போகிறோம் என்று போகும்போதே அவர்களுக்குத் தெரியும். விஜேந்தர் சிங்கும் அப்படித்தான். 2008 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர், 2015-ல் இங்கிலாந்து பிரமோட்டர் ஃபிராங்க் வாரனின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தபோது விவரம் தெரிந்த, முப்பதை நெருங்கிய மனிதர்.

வியாபாரத்தை தர்மத்தின் சட்டைப் பைக்குள் ஒளித்துவைப்பதைத்தான் தப்பு என்கிறேன். ஏன் தெரியுமா? வியாபாரம் என்றால் நாம் பேரம் பேசுவோம். கத்தரிக்காய்க்கே மார்க்கெட்டில் அரை மணி நேரம் நிற்கிற ஜனங்கள் நாம். தர்மம் என்றால் கை கூப்பிவிடுவோம். வாங்கிய ஷூ நம் வாயை அடைத்துவிடும். நன்றி நல்ல குணம்தான். ஆனால் நம் நன்றியை வைத்தே நம் பிள்ளையை விலை பேச யாருக்கும் உரிமை கிடையாது.

என் தம்பி இதைக் கேட்டுவிட்டு, "அக்கா, இப்படி எல்லாரையும் சந்தேகப்பட்டா ஏழைப் பிள்ளைங்களுக்கு உதவ யாரும் வர மாட்டாங்க" என்றான். நியாயமான பேச்சு. அதற்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன்.

கத்தார் நாட்டின் ஆஸ்பயர் அகாடமி 2007-ல் 'ஃபுட்பால் ட்ரீம்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆப்பிரிக்காவில் பதிமூன்று வயதுப் பையன்களைத் தேடியது. முதல் வருஷமே நான்கு லட்சத்துக்கும் மேல் பார்த்தார்கள். ஸ்காலர்ஷிப் கிடைத்தது இருபது சொச்சம் பேருக்கு. ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுகிற மனிதாபிமானத் திட்டம் என்றார்கள். தன் அணிக்கு ஆள் சேர்க்கத்தான் என்று உலகம் சந்தேகப்பட்டது. ஃபிஃபா தலைவராக இருந்த பிளாட்டரே முதலில் கடுமையாக விமர்சித்தார், பிறகு மனசு மாறினார். கடைசியில் பார்த்தால், அந்தப் பையன்களில் பெரும்பாலானவர்கள் கத்தாருக்கு ஆடவில்லை.

அப்படியானால் சந்தேகம் வீணா? இல்லை. இந்த மாதிரிக் கவலைகளால்தான் விதிகள் இறுகுகின்றன. பதினெட்டு வயதுக்குள் ஒரு ஆட்டக்காரரை நாடு விட்டு நாடு கிளப் மாற்றக் கூடாது என்பது ஃபிஃபா விதி, சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. அந்த விதியை மீறியதற்கு 2014-ல் பார்சிலோனாவுக்கே தடை விழுந்தது. 2008-ல் இன்னொரு விதியும் இறுகியது. தனக்குச் சம்பந்தமில்லாத நாட்டுக்கு ஆட வேண்டுமென்றால், பதினெட்டு வயதுக்குப் பிறகு ஐந்து வருஷம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்று அப்போது விதி வைத்தார்கள்.

பாக்ஸிங்கிலும் அமெரிக்காவில் 2000-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பெயரே முகமது அலி சட்டம். பிரமோட்டரும் மேனேஜரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, போட்டியில் பிரமோட்டருக்கு எவ்வளவு வருகிறது என்பதை வீரருக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அத்தனை பெரிய நாட்டில், வளர்ந்த வீரர்களைப் பாதுகாக்கவே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. நம்முடையது பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

ஆகவே என் தம்பிக்கு என் பதில்: உண்மையாக உதவ வந்தவர் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கேள்வி கேட்டதால் ஒருவர் திரும்பிப் போனால், போனது நல்லது.

என்ன கேட்பது? பாடம் நடத்திப் பழக்கமானவள், எண் போட்டே சொல்கிறேன்.

1. தேர்வாகாத பிள்ளைகளுக்கு என்ன செய்வீர்கள்? தர்மம் என்றால் எல்லோருக்கும் தொடர வேண்டும். நான்கு பேரை எடுத்தவுடன் மற்றவர்களை மறந்தால் அது தேர்வு முகாம்.

2. அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது? யார் கூட வந்து வீட்டில் விடுவார்கள்? இதை எழுத்தில் கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்.

3. எந்தப் பள்ளியில் படிப்பான்? அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் நீங்களே போனில் பேசுங்கள். சேர்க்கை உறுதியாகும்வரை டி.சி. வாங்காதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ், ஆதார் எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

4. பிள்ளையின் போட்டோ, வீடியோ, எதிர்கால வருமானம் இவற்றில் அவர்களுக்கு என்ன உரிமை? பதினெட்டு நிறையாதவர் போடும் ஒப்பந்தம் நம் சட்டத்தில் செல்லாது. அதனால்தான் உங்கள் கையெழுத்தைத் தேடி வருகிறார்கள். அதன் மதிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்.

5. இதற்கு முன் கூட்டிப்போன பிள்ளைகளில் இரண்டு பேரின் பெற்றோரிடம் பேச முடியுமா? ஜெயித்தவனுடைய பெற்றோர் மட்டும் போதாது. திரும்பி வந்தவனுடைய பெற்றோரையும் கேளுங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டுக்காரர் வந்தால்தான் வாய்ப்பு என்று நினைக்காதீர்கள். நம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் இருக்கின்றன. தேர்வு நடக்கிற தேதியை அறிவிப்பார்கள். ரயில்வே, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவர்கள் நம் தெருவிலேயே உண்டு. ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 1098-க்குக் கூப்பிடுங்கள், யோசிக்காதீர்கள்.

என் மாணவிக்கு என் பதில் இது. மூன்று நாள் முகாமுக்குப் பையனை அனுப்பு. கூடவே நீயும் போய் உட்கார். ஷூ கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள். ஆனால் அந்தச் சின்ன எழுத்து வரியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. அடிக்கக் கூடாது என்று சொன்னால், ஏன் என்று கேள். பதில் வரவில்லையென்றால் பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். முட்டி வலிதான், ஆட்டோவில் வந்துவிடுவேன்.

இருபது வருஷத்துக்கு முன் ஒரு பூக்காரம்மா என்னை நம்பிக் கேட்டார். நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இந்த முறை கேட்டுவிட்டுத்தான் சரி என்பேன்.

எல்லோரும் நன்றாக இருங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்